அக்கா வீட்டு டி.வி.யில் இருட்டிய படம்

"நவம்பர் 9, ஞாயிறு. மழை இல்லை. தை மாதக் கல்யாணத்துக்கு வந்த பதினோரு ஜாக்கெட் துணிகளையும் திண்டிவனத்தில் அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். காரணம் கேட்டதற்கு உடம்பு முடியவில்லை என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகூட என்னோடு பேசினாள். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். செய்தியைச் சொன்னது கல்யாணப் பெண்ணின் அம்மா. விழுப்புரத்தில் எங்கள் தெருவிலேயே இருப்பவர். அக்காவிடம் துணி கொடுக்கச் சொல்லி அவரை அனுப்பியதே நான்தான். காய்கறிக்காரரின் வண்டியருகே நின்றுகொண்டு, "உங்க அக்கா நல்லா தைப்பாங்கன்னுதானே சொன்னீங்க சார்? இப்படி நடுவுல கைவிட்டா நாங்க எங்க போறது?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள். கடைசிப் பத்து வருடம் ஆரி வேலையும் சேர்ந்துகொண்டது. மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துப் பூ வேலை செய்வது அது. கண் நன்றாக இருந்தால்தான் முடியும். துணியை அவள் திருப்பி அனுப்பினாள் என்று கேட்டதுமே எனக்குக் கண் நினைவுதான் வந்தது. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அக்டோபர் 12ஆம் தேதிப் பக்கத்தில் வேறு ஏதோ விஷயத்துக்கு நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "அக்காவுக்கு டி.வி. இருட்டாகத் தெரிகிறதாம்."

அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை தூறல். அக்கா வீடு மரக்காணம் சாலைப் பக்கம். அக்காவின் கணவர் ஓமந்தூர்ப் பக்கம் இருக்கும் தன் நிலத்தில் பயிர் வைப்பவர். நான் போனபோது கூடத்தில் உட்கார்ந்து விதைக்காக மல்லாட்டை (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) உடைத்துக்கொண்டிருந்தார். எதிரே டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பருப்பை முறத்தில் போட்டார்.

"வா மச்சான். டைரி கொண்டாந்தியா? காலையில ஏழு இட்லி துன்னேன், மொதல்ல அத்த எழுதிக்கோ."

"நாளைக்கு எழுதறேன் மாமா. அக்கா இன்னா துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடுச்சாமே?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டும் இன்னா தெரியும்? கேட்டா எரிஞ்சு வுழுது. பையன் மெட்ராசுக்கு வா வான்னு கூப்புட்டுக்கினே இருக்கான். அங்க போறதுக்குத்தான் இந்த ரூட்டோன்னு எனக்கு ஒரு டவுட்டு."

மாமாவின் இந்தச் சந்தேகம் எனக்குப் புதிது. அக்கா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அம்மா தைப்பதை நிறுத்த வேண்டும், இருவரும் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறான். அந்த டி.வி.யை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். செப்டம்பர் 6, சனிக்கிழமை பெட்டி வந்து இறங்கியது. அன்று நானும் அங்கே இருந்தேன்.

அக்கா காபியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தே எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டாள்.

"அந்தம்மா சொல்லிட்டாங்களா? அதுக்குள்ளயா?"

"உடம்புக்கு இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லடா. வயசாயிடுச்சு, வுட்டுட்டேன். தெனிக்கும் சட்டத்துல குனிஞ்சுக்கினே இருந்தா முதுவு இன்னாத்துக்கு ஆவும்?"

"அக்டோபர்ல டி.வி. இருட்டா இருக்குன்னு சொன்னியே?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் டி.வி.யைப் பார்த்தார். திரையில் செய்தி வாசிக்கும் பெண்ணின் புடவைக் கரையில் இருந்த சின்னப் புள்ளிகள்கூட எனக்குத் தெரிந்தன.

"இதுல எங்கடி இருட்டு? கண்ணாடியாட்டம் தெரியுது" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நான்கு எழுத்து "தெரியுது" எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போனேன். தையல் அறையில் ஆரிச் சட்டம் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னாள்.

"அவுரு செய்தி பாக்கறப்ப எனக்கும் நல்லாத்தான் தெரியுது. மதியம் சாப்ட்டு, அவுரு நெலத்துக்குப் போன பொறவு, நெட்டுல ஒரு தொடர் பாப்பேன். அது மட்டும் இருட்டிக்கும். ஆளு வராங்களா போறாங்களா ஒண்ணும் தெரியாது. பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட கேட்டேன். அது போன்ல அதே தொடர பாக்குது, நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுச்சு. அப்ப இன்னா அர்த்தம்? கிட்டத்துல தெரியுது, எட்டத்துல இருட்டுது. கண்ணுல ஏதோ எறங்குது. ஜரிகைல தப்பு பண்ணிட்டா? கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுடா அது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போனா ஆப்ரேசன்னு சொல்லிட்டா? ஒருமுறை கத்தி வெச்சுட்டா பொறவு என் வேலை அவ்ளோதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. முதுகும் இல்லை, மெட்ராசும் இல்லை. கண் போய்விட்டது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். வேறு யாரும் அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிடக் கூடாதென்று முன்கூட்டியே வேலையை நிறுத்திவிட்டாள்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரு பக்கத்தில் தவறு என்றால், தவறு எழுதியவருடையதா, அச்சுக் கோத்தவருடையதா, வாசிக்கிறவரின் கண்ணுடையதா என்று மூன்றாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். அன்று முதலில் சந்தேகப்பட்டது கடைக்காரரை. கடையில் காட்சிக்கு வைத்து மாதக்கணக்கில் ஓடவிட்ட டி.வி.யைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பரண் மேல் இருந்த அட்டைப் பெட்டியை இறக்கி, அதில் ஒட்டியிருந்த எண்ணையும் டி.வி.யின் முதுகில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டேன். டி.வி.க்குப் பின்னால் தலையை நுழைத்து நான் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, மாமா பெட்டியைப் பார்த்துச் சரி சொன்னார். பதினான்கு எழுத்தும் எண்ணும் பொருந்தின.

"திருட்டு மாடு புடிக்கிற மாதிரி இருக்குது மச்சான்" என்றார்.

அடுத்த சந்தேகம் அக்கா மகன் மேல். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அப்படி நினைத்தேன், ஆகவே எழுதுகிறேன். அம்மாவின் தையல் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவன் அவன். நெட்டில் வரும் படம் இருட்டானால் அம்மா கண்ணைச் சந்தேகிப்பாள். கண்ணைச் சந்தேகித்தால் தையல் நிற்கும். போனில் அவனைப் பிடித்தேன்.

"டி.வி. வந்தன்னைக்கு நீ செட்டிங்ஸ்ல இன்னா இன்னா மாத்தினே?"

"நான் எதுவும் மாத்தல மாமா. வைஃபை போட்டு, ஆப்புல லாகின் பண்ணிக் குடுத்தேன், அவ்ளோதான். ஏன்?"

"அம்மாவுக்கு படம் இருட்டா இருக்காம்."

"அது ஃபோர்-கே டி.வி. மாமா, ரிவ்யூ எல்லாம் பாத்துதான் வாங்கனேன். அம்மாவ மொதல்ல கண்ண காட்டச் சொல்லுங்க. நானும் எத்தனை தடவை சொல்றது, இந்த ஊசி வேலை வேணாம்னு?"

பாருங்கள், மூன்றாவது வாக்கியத்திலேயே ஊசி வேலைக்கு வந்துவிட்டான். "சந்தேகம் தீரவில்லை" என்று எழுதிவைத்தேன்.

பிறகு ரிமோட்டை வாங்கி, பிக்சர் பகுதிக்குள் போய், ஏற்ற முடிந்ததையெல்லாம் ஏற்றினேன். மாமா பார்த்துக்கொண்டிருந்த செய்தி வெள்ளையாக எரிந்தது.

"அய்யய்யோ, பொண்ணு மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவுரு கணக்கா ஆயிடுச்சு! ஜல்தியா கொறை மச்சான், கண்ணு கூசுது."

கொஞ்சம் குறைத்தேன். இனி இருட்ட வாய்ப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு மதிய பஸ் ஏறிவிட்டேன். அக்காவின் தொடர் ஓடும் நேரம்வரை நான் காத்திருக்கவில்லை. அதுதான் என் பெரிய தவறு.

திங்கள்கிழமை மாலை அக்காவிடமிருந்து போன். "அதேதாண்டா. ஒரு மாத்தமும் இல்ல. நீ ஏத்திவிட்டதுல அவுரு செய்திதான் பளிச்சுன்னு இருக்குது. என்னுது இருட்டுதான். வுட்டுடு, பேஜாரு பண்ணாத." குரலில் கோபம் இல்லை. முடிந்துபோன விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். ஒரே டி.வி., ஒரே கூடம், எல்லாவற்றையும் ஏற்றிவைத்தும் இருட்டு என்றால், மிச்சம் இருப்பது அவள் கண் மட்டும்தான். அன்றிரவு நானும் அதை ஏறக்குறைய நம்பிவிட்டேன். இருந்தாலும் போனை வைக்கும் முன் அவள் சொன்ன ஒன்றைக் குறித்துக்கொண்டேன்: "ஆரம்பத்துல மூலையில இங்கிலீஷ்ல மூணு எழுத்து வந்துட்டுப் போவும். அது போனதும் இருட்டிக்கும்."

கண்ணில் கோளாறு உள்ளவர்களுக்கு இருட்டு வருமுன் மூன்று எழுத்து வராது.

அந்த வாரம் டி.வி.யோடு வந்த கையேட்டின் படங்களை மாமாவிடம் சொல்லி போனில் வாங்கிப் படித்தேன். இணையத்திலும் தேடினேன். எச்.டி.ஆர். என்பதுதான் அந்த மூன்று எழுத்து. நெட்டில் வரும் சில படங்கள், ஒவ்வொரு காட்சியும் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்ற அளவைத் தம்மோடே கொண்டுவருகின்றன. டி.வி. அந்த அளவுக்குக் கட்டுப்பட முயல்கிறது. விலை உயர்ந்த டி.வி.யால் முடியும். நடுத்தர டி.வி.யிடம் அவ்வளவு வெளிச்சம் இல்லை. பளிச்சென்ற இடங்களைக் காப்பாற்றுவதற்காக மற்ற இடங்களைக் கீழே இறக்கிவிடுகிறது. கேபிளில் வரும் செய்திக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு வரி: எச்.டி.ஆர். படம் ஓடும்போது டி.வி. அதற்கென்று வேறொரு செட்டிங்ஸ் வைத்துக்கொள்ளும். செய்தி பார்த்தபடி நான் ஏற்றிய எதுவும் அக்காவின் தொடருக்குப் போய்ச் சேரவே இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு. இந்த முறை சாப்பிட்டு முடித்து, இரண்டரை மணிக்கு அக்காவின் தொடரையே போடச் சொன்னேன். பழைய அரண்மனை ஒன்றில் நடக்கும் கதை. மூலையில் மூன்று எழுத்து வந்து மறைந்தது. அரண்மனை இருட்டியது. சன்னல் திறந்திருந்தது, கூடத்தில் வெளிச்சம் இருந்தது. திரையில் மட்டும் சாயங்காலம் ஏழு மணி.

"எனக்கும் இருட்டாத்தான் இருக்குது அக்கா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்காகச் சொல்லாதடா."

"இல்லக்கா, நெசமாத்தான்."

"போன ஞாயித்துக்கெழமை கண்ணாடியாட்டம் இருக்குன்னு ரெண்டு பேரும் ஒத்து ஊதினீங்க. இன்னைக்கு இருட்டுன்னு ஒத்து ஊதறீங்க. நான் அழுவேன்னு பயமா?"

"நான் எங்கடி ஒத்து ஊதினேன்?" என்றார் மாமா. "எனக்கும் இருட்டாத்தான்..."

"நீங்க வாய மூடுங்க."

அவள் நம்பவில்லை. பார்வை போனவளைச் சமாதானப்படுத்த வீட்டு ஆண்கள் இருவரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறோம் என்று நினைத்தாள். போன வாரம் தெரிகிறது என்று சொன்னவர்கள் இன்று தெரியவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஆகவே ஒன்று செய்தேன். தொடரில் சிலர் ஒரு மண்டபத்தில் கூடிப் பேசும் காட்சியை நிறுத்திவைத்தேன். மூன்று துண்டுத் தாள் கிழித்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். அந்தக் காட்சியில் எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். மாமா பள்ளிக்கூடப் பரீட்சைபோல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். மாமா இரண்டு. நான் மூன்று. அக்கா நான்கு. பிறகு என் போனில் அதே தொடரின் அதே இடத்தைத் தேடி எடுத்து மூவரும் குனிந்து பார்த்தோம். ஐந்து பேர். தூணுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

"இந்தாளு எப்ப வந்தான்?" என்றார் மாமா.

"பாத்தியாக்கா? எங்க ரெண்டு பேரையும்விட உனக்குத்தான் அதிகம் தெரிஞ்சுருக்குது."

"நாலுன்னு நெனப்புல எழுதினேன். நேத்தே பாத்த எபிசோடு இது" என்றாள். உடனே ஒத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவள். ஆனால் எழுந்து போகாமல் பாயை இழுத்துப்போட்டு டி.வி.க்குக் கிட்டே உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சியை நிறுத்திவைத்தபடியே ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸைத் திறந்தேன். நான் போன வாரம் ஏற்றிய எண்கள் ஒன்றும் அங்கே இல்லை. கையேட்டில் சொன்னது சரிதான். பிக்சர் மோடு 'சினிமா' என்றிருந்தது. மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் பிரைட்னஸை ஏற்றிப் பார்த்தேன். இருட்டு போகவில்லை, கறுப்பு எல்லாம் சாம்பலாகி, படத்தின் மேல் மாவு தூவியதுபோல் ஆயிற்று. பழைய எண்ணுக்கே இறக்கினேன். சினிமாவை 'ஸ்டாண்டர்டு' ஆக்கினேன். தூணும் கதவும் தெரிந்தன, கிழவர் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட் ஏற்கெனவே நூறில் இருந்தது. அங்கேதான் எனக்கு இடித்தது. நூறில் இருக்கும் விளக்கு ஏன் இவ்வளவு மங்கலாக எரிகிறது? நூறு என்று சொல்லிக்கொண்டு வேறு யாரோ பின்னாலிருந்து குறைக்கிறார்கள்.

இன்னும் கீழே போனால் மின்சாரச் சிக்கனம் என்று ஒரு பகுதி. எச்.டி.ஆர். படங்களுக்கு மட்டும் அது 'ஆட்டோ' என்றிருந்தது, செய்திக்கு 'ஆஃப்'. அதாவது அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று டி.வி. தானே பார்த்து, அதற்கேற்பத் தன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். அறை இருட்டு என்றால் குறைக்கும்.

"ரூமு வெளிச்சமாத்தானே இருக்குது?" என்றாள் அக்கா.

"ஆமா. அப்ப இதுக்கு ஏன் இருட்டுன்னு தெரியுது?"

ஆட்டோவை அப்போதே நிறுத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. டி.வி. எந்த இடத்தால் அறையைப் பார்க்கிறது என்று கையேட்டில் தேடினேன். படத்தில் ஓர் அம்புக்குறி திரையின் கீழ் விளிம்பில் நட்ட நடுவே சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைக் காட்டியது. குனிந்து பார்த்தேன். அங்கே விரல் நுனி அளவுக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தன.

"மாமா, இது யாரு வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. டிராக்டரு, மோட்டாரு, மிக்சி, உங்க அக்கா மிசினு, எல்லாத்துக்கும் வெச்சேன். டி.வி.க்கு மட்டும் வெக்காம வுட முடியுமா?"

"கீழ ஏன் வெச்சீங்க?"

"மேல எங்க எடம் இருக்குது? பழைய டி.வி.க்கு நல்லா அகலமா நெத்தி இருக்கும். இதுக்கு நெத்தியே இல்ல. கீழ நடுவுல மட்டும் இத்துனூண்டு மேடா இருந்துச்சு. பொட்டு வெக்கவே வுட்டுருக்கானுங்கன்னு நெனச்சேன்."

குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆயுத பூஜை அக்டோபர் 1. அக்கா முதலில் சொன்னது அக்டோபர் 12. தேதிகள் ஒத்துப்போயின.

ஈரத் துணி கொண்டுவரச் சொன்னேன். அக்கா தயங்கினாள். பூஜைப் பொட்டை நடு மத்தியானத்தில் துடைப்பதா? கடைசியில் தானே புடவை முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து, "சாமி, மன்னிச்சுக்கோப்பா" என்று முணுமுணுத்தபடி துடைத்தாள். முதல் துடைப்பில் குங்குமம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. நகத்தால் சுரண்டிச் சந்தனத்தை எடுத்தாள். இரண்டு மூன்று நொடி கழித்து மண்டபத்தின் தரை மெதுவாக மேலே வந்தது. பிறகு தூண். அதன் பக்கத்தில் கிழவர்.

மாமா கைதட்டினார். நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் இன்னும் சந்தேகம் போகவில்லை.

"நீ ரிமோட்டுல ஏதாவது அமுக்கினியா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ரிமோட் பாயில் கிடந்தது. அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வலது கைக் கட்டைவிரலை, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்த விரலை, துடைத்த இடத்தில் வைத்து அழுத்தினாள். அரண்மனை இருட்டியது. விரலை எடுத்தாள். வெளிச்சம் வந்தது. மறுபடி வைத்தாள், எடுத்தாள். நான் எண்ணிய வரை ஆறு முறை. ஒவ்வொரு முறையும் விரல் போகும் நேரத்துக்கும் படம் மாறும் நேரத்துக்கும் இடையே அவள் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இல்லடா" என்றாள் கடைசியில். "டி.வி.க்குத்தான் கண்ணு மறைஞ்சு இருந்துருக்குது."

அதற்குப் பிறகு அவளுக்கு வந்த கோபம் முழுவதும் மாமா மேல் இறங்கியது. ஒன்றரை மாதமாகத் தன்னைக் குருடியாக்கி வைத்தவர் என்று ஆரம்பித்தாள். அவரும் விடவில்லை. "நெத்தி வெச்ச டி.வி.யா வாங்கச் சொல்லு உன் புள்ளைய. நான் இன்னா பண்ணுவேன்?" இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆட்டோவை நிறுத்தினேன். எச்.டி.ஆர். வெளிச்சத்தைக் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் வசதி ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது; அதை ஓடவிட்டேன். எண்களை எழுதிக்கொண்டேன். பொட்டைப் பக்கவாட்டில் வைக்கலாமா என்று மாமா கேட்டார். ஓரத்தில் பொட்டு வைத்தால் அது பொட்டே இல்லை என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அன்று மாலை நான் கிளம்புவதற்குள் அவள் ஆரிச் சட்டத்தின் மேல் இருந்த வேட்டியை எடுத்து உதறினாள். பெண்ணின் அம்மாவுக்கு என் போனிலிருந்தே பேசினாள். பதினொன்றில் நான்கு துணிகளை அதற்குள் வேறொருவரிடம் வெட்டக் கொடுத்துவிட்டார்களாம். மிச்சம் ஏழு. "ஏழா, சரி குடுத்து அனுப்புங்க. உடம்பு சரியாயிடுச்சு" என்றாள். மறுநாள் நானே அந்தத் துணிகளை வாங்கி, திண்டிவனம் போகும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அக்கா மகனுக்கும் போன் செய்தேன். செட்டிங்ஸை அவன் மாற்றவில்லை என்பதை ஒத்துக்கொண்டேன். பெட்டியிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. "அதுக்கா மாமா என்ன அப்படி விசாரிச்சீங்க?" என்று சிரித்தான். எந்த அளவுக்குச் சந்தேகப்பட்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. டி.வி. இருட்டியது சந்தனத்தால். சரி. அதனால் அக்காவின் கண் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒரு வரியில் அச்சுப் பிழை இருந்ததால் அடுத்த வரி சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நவம்பர் 26, புதன்கிழமை அவளை விழுப்புரத்துக்கு வரவழைத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பயம் போயிருந்ததால் சண்டை போடாமல் வந்தாள். அங்கே வலது கண் வயதுக்குச் சரியாக இருக்கிறது என்றார்கள். படிக்கும் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். இடது கண்ணில் புரை ஆரம்பிக்கிறது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். சீட்டில் எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "ஆரம்பம்னா ஆரம்பந்தான். எல்லாருக்கும் இருக்கும். டி.வி.தான்னு நீதானேடா நிரூபிச்ச?"

"அது டி.வி. விஷயம்க்கா."

"அதேதான் நானும் சொல்றேன்."

ஏழு ஜாக்கெட்டும் தை பிறப்பதற்கு முன்பே தயாராகிவிட்டன. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பெண்ணின் கைப்பகுதியில் மயில் கழுத்து நிறத்தில் மணி வேலை. கிட்டப் போய்ப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பிழை ஒன்றும் படவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு வேலை அதிகம். மாசி மாத முகூர்த்தங்களுக்கும் துணி வந்திருக்கிறது.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் பிப்ரவரி 26, வியாழக்கிழமை முடிந்தது. அதற்கு முந்தின வாரத்திலேயே நினைவுபடுத்தினேன். அந்த வியாழக்கிழமை விழுப்புரம் வந்து காட்டிவிட்டதாக மறுநாள் போனில் சொன்னாள். "அப்படியேதான் இருக்குதாம், ஒண்ணும் கூடலையாம்." டாக்டரின் இடத்திலிருந்து எங்கள் வீடு மூன்று தெரு. வரவில்லையே என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். மாமாவைக் கேட்டால், அன்று தான் நிலத்தில் இருந்ததாகவும், அவள் காலையில் எங்கோ போய்விட்டு வந்தது உண்மைதான் என்றும், எங்கே என்று தனக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். தேடுகிறேன் என்கிறாள்.

இதை எழுதும் நாள்வரை சீட்டு வரவில்லை. பிப்ரவரி 26 அன்று அக்கா இடது கண்ணைக் காட்டினாள் என்பது அவள் வாய்மொழி மட்டுமே. உறுதி செய்யப்படவில்லை.